வாசலில் இல்லாத வேப்பிலை

வேப்பிலையைப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் போட்டு உடைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பொறுமையும் கிடையாது. தாளிக்கிற சட்டியில் கடுகு போட்ட மாதிரி வெடிக்கிறாளே என்று அம்மா என்னைத் திட்டாத நாளில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால் பேப்பரில் ஒரு படம் பார்த்தேன். ஒரு பெரிய வட்ட மேசை, சுற்றிலும் கோட்டுப் போட்ட ஆட்கள், ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். எங்கோ ஒரு நாட்டில் பரவுகிற கொள்ளைநோயால் உலகத்தின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று கூடிப் பேசினார்களாம். யாரை அனுப்புவது, எந்த எல்லையில் காவல் போடுவது என்றெல்லாம் பேச்சு. நல்லது, பேசட்டும். அந்த ஊர் ஜனங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறார்கள் என்று அந்த மேசையில் யாராவது ஒருத்தர் கேட்டிருப்பாரா? பேப்பரை மடித்து வைத்துவிட்டு அன்று முழுக்க வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அவர்களுக்குக் காரணம் புரியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருச்சியில் பி.யூ.சி. படித்து, கணக்கில் கோட்டை விட்டு, அரியலூர் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கே திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று எல்லா நாடுகளும் ஒன்றுசேர்ந்து கிளம்பியிருந்த நேரம். எங்கள் பக்கத்தில் பெரியம்மை கண்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்காவது ஒரு வீட்டில் ஒளிந்திருந்தால்? அதைத் தேடத்தான் ஒரு ஜீப் வந்தது. ஜீப்பில் வெளிநாட்டு டாக்டரம்மா ஒருத்தர், நம் ஊர் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருத்தர், டிரைவர். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இன்ஸ்பெக்டரின் இங்கிலீஷ் டாக்டரம்மாவுக்குப் புரியாது. வீட்டுக்குள் நுழைந்து பொம்பளைகளிடம் பேச ஒரு பெண்ணும் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு இன்ஸ்பெக்டர் பழக்கம். அப்படித்தான் நான் ஜீப்பில் ஏறினேன்.

ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஒலக ஜீப்பு. "ஒலக ஜீப்பு வருதுடி, புள்ளைங்கள உள்ள இழு" என்று கத்துவார்கள். நான் இறங்கினால், "ஒலகத்தோட தங்கச்சி வந்துட்டா" என்று கிண்டல். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. இருபது வயதில், பொம்பளைகள் சைக்கிளே ஓட்டாத ஊரில் ஜீப்பின் முன் சீட்டு என்றால் சும்மாவா?

எங்களிடம் ஒரு படம் இருந்தது. உடம்பெல்லாம் பெரியம்மை போட்ட ஒரு குழந்தையின் படம். பள்ளிக்கூடம், சந்தை, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை என்று போகிற இடமெல்லாம் அதை நீட்டி, "இந்த மாதிரி எங்கியாச்சும் பாத்தீங்களா? பாத்து சொன்னா பரிசு உண்டு" என்று கேட்க வேண்டும். பாடாலூரில் ரோட்டோரம் வெள்ளரிப் பிஞ்சு விற்ற ஒரு அம்மா, படத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, எங்கள காப்பாத்து" என்று படத்தைக் கும்பிட்டாள். டாக்டரம்மா என்னவென்று கேட்டார். "பார்க்கவில்லை என்கிறாள்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அம்மையைப் பற்றி எங்கள் பக்கத்தில் வெளி ஆளிடம் பேசமாட்டார்கள். வந்திருப்பது ஆத்தா, அவளைக் காட்டிக்கொடுப்பதா? ஒருநாள் ஜீப் டயர் பஞ்சராகி, பெரம்பலூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தோம். டாக்டரம்மா வெயிலில் வெந்து சிவந்த கையைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டார்: "உங்கள் ஆட்கள் எங்களிடம்தான் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?"

நான் சொன்னேன். ஆசை ஆசையாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அம்மை கண்டால் முதல் வேலை, ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வாசல் நிலையில் செருகுவது. அப்புறம் அந்த வீட்டுக்குள் வெளி ஆள் போகமாட்டார்கள். வீட்டு ஆட்களும் ஊர் சுற்றமாட்டார்கள். தாளிப்பு வாசனை வராது. பிச்சை கேட்டு வருகிறவர்கூடக் குரல் கொடுக்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிற வரைக்கும் கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையும் வைக்கமாட்டார்கள். பிள்ளைத்தாச்சி விஷயத்தில் மட்டும் இன்னும் கண்டிப்பு. அவளைக் கூட்டி வருகிறவர்கள் தெருமுனையிலேயே நின்று இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். ஒரு வாசலில் பச்சை தெரிந்தாலும் தெருவுக்குள் கால் வைக்காமல் அப்படியே திரும்பிவிடுவார்கள். ஆத்தாளுக்குக் கொடுக்கிற மரியாதை என்பார்கள்.

டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தைத் தொடையில் ஓங்கி அடித்தார். இதை ஏன் முதல் நாளே யாரும் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஜீப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டே வாசல்களைப் பார்த்தோம். வேப்பிலை தெரிந்தால் பிரேக். முதல் நான்கு நாளில் ஏழெட்டு வீடு. டாக்டரம்மா உள்ளங்கையையும் உள்ளங்காலையும் விரித்துப் பார்ப்பார். பெரியம்மை என்றால் அங்கேயும் முத்து இருக்கும். சின்னம்மை என்றால் முதுகிலும் வயிற்றிலும்தான் அதிகம். அவர் பார்த்த வரைக்கும் எல்லாம் சின்னம்மைதான். ஆனால் அவர் பார்த்தால் மட்டும் போதாதாம். பொருக்கை ஊசியால் எடுத்துக் குப்பியில் போட்டு, எங்கோ தூரத்து லேபுக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வருகிற வரைக்கும் அந்த வீட்டுக்குக் காவல். மாற்றி மாற்றி நான்கு ஆள், கூட ஒரு போலீஸ்காரர். யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருக்கும் ஊசி. மாட்டேன் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி.

ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டி ஒரு வீடு. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு அம்மை. முந்திரி பொறுக்குகிற மாதம் அது. அந்த மாதக் கூலியை நம்பித்தான் அவர்களுக்கு வருஷமே. பதில் வர மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து, எதிரே காட்டில் மற்றவர்கள் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் நாங்கள் உள்ளே நுழைந்தபோது அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள்: "ஆத்தா எறங்கியிருக்கிற வூட்டுக்குள்ள செருப்புக் காலோட வந்துட்டீங்களேம்மா. நீயும் பொண்ணுதான?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றேன். கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன். செருப்பைக் கழற்றவில்லை.

பதில் வந்தது. சின்னம்மை. டாக்டரம்மா நேரில் போய் வருத்தம் சொன்னார். அவர் பெரிதாகச் சொன்னதை நான் ஒரு வரியாக மொழிபெயர்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. வேறு நாடுகளில் ஒரே ஒரு வீட்டைக் கவனிக்காமல் விட்டு, ஊரே சுடுகாடாகப் போனதைக் கண்ணால் பார்த்தவர். அந்த நோய் இன்றைக்கு உலகத்தில் இல்லை. அது சின்ன விஷயமா? நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன்.

சித்திரை முடிகிற நேரத்தில் வாசல்களில் வேப்பிலை குறைந்தது. வைகாசியில் ஒன்றுகூட இல்லை. இன்ஸ்பெக்டருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, சுத்தமா தொடச்சுட்டோம்" என்றார். டாக்டரம்மாவுக்கு மட்டும் சந்தேகம். இது எப்படி ஒரே மாதத்தில் நின்றது என்று என்னைக் கேட்டார்.

"வெயில் தணிந்தால் அம்மை குறைந்துவிடும்" என்றேன்.

வைகாசியில் எங்கே வெயில் தணிந்தது? அக்கினி நட்சத்திரம் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஜனங்கள் வேப்பிலையை வாசலில் செருகாமல் வீட்டுக்குள் பாய்க்கு அடியில் ஒளித்துவிட்டார்கள் என்று தோன்றவே இல்லை. பெரிய புத்திசாலி நான்!

அந்த வைகாசியில்தான் அக்காவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு.

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். திருமழபாடியில் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனால்கூட, "நல்ல காரியத்துக்குப் போறோம், நீ எதுக்க வராம அப்புறமா வா" என்று நிற்க வைப்பார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அழுகை, கோபம் எல்லாம் என் பங்கு. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்று அப்பா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அம்மாவும் அப்பாவும் இரண்டு நாள் முன்னாடியே திருமழபாடிக்குப் போய்விட்டார்கள். நான் வளைகாப்பு அன்று காலையில் போய்ச் சேர்ந்தேன். முதல் காப்பு வேப்பிலைக் காப்பு. வேப்பங்கொழுந்தை வளைத்து மணிக்கட்டில் கட்டினார்கள். அப்புறம் இரண்டு கையும் நிறைய கண்ணாடி வளையல். கையைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள். "ஏண்டி, ஒன் ஜீப்பு சத்தத்தவிட என் சத்தம் பெருசுடி" என்றாள்.

சாயங்காலம் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டு வண்டி. எங்கள் தெருமுனையில் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் கடைசி வீடு வரைக்கும் பார்த்தார். ஒரு வாசலிலும் பச்சை இல்லை. "வா தாயி" என்று அக்காவிடம் சொல்லி, வண்டிக்காரருக்குக் கை காட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வேலையால்தானே தெரு இப்படிச் சுத்தமாக இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு இளிப்பு வேறு.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் அக்கா வீட்டில் ராணி. எனக்கு வேலை பெரம்பலூர் பக்கம் மாறியிருந்தது. விடிந்ததும் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவேன். "ஒலகத்துக்கே காவக்காரி. சொந்த அக்காளுக்கு ஒரு பலாச்சுள வாங்கியார நேரமில்ல" என்பாள். நாளைக்கு என்பேன். மறந்துவிடுவேன். ஒருநாள் தோள்பட்டையில் இருந்த அம்மை குத்தின தழும்பைக் காட்டி, "இது இருந்தா எனக்கு எந்த அம்மையும் வராதுல்ல?" என்று கேட்டாள். பலகாரம் தின்றுகொண்டே, "வராது வராது" என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தழும்பு பெரியம்மைக்கு மட்டும்தான் காவல் என்றும் சொல்லவில்லை. நாள் முழுக்க ஜீப்பில் ஊர் ஊராகப் போய் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஆனி பிறந்த வாரம் பெரம்பலூர் பக்கத்திலேயே தங்கி வேலை. நான்கு நாள் கழித்துக் காலை பஸ்ஸில் வந்தேன். அந்தத் தடவை மறக்காமல் பஸ் ஸ்டாண்டில் பலாச்சுளை வாங்கி, தாமரை இலையில் கட்டி எடுத்து வந்தேன். எங்கள் வாசல் வெறுமையாகத்தான் இருந்தது. "அக்கா" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

உள்ளறையில் சாம்பிராணிப் புகை, மஞ்சள் வாசனை. அக்கா வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். முகம், கழுத்து, வயிறெல்லாம் முத்து. கண் திறந்திருந்தது. மூச்சுத்தான் சரியில்லை, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுக்கிற மாதிரி இழுத்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலாம்.

"வாசல்ல ஏம்மா வேப்பிலை செருகல?" என்று கேட்டேன்.

"ஒனக்குப் பயந்துதாண்டி" என்றாள் அம்மா. "புள்ளத்தாச்சி கெடக்கிற வூட்டு வாசல்ல போலீஸக் கொண்டாந்து நிறுத்திட்டீன்னா?"

பெற்ற தாய் எனக்குப் பயந்திருக்கிறாள். பலாச்சுளை கையிலேயே இருந்தது. அதன் வாசனை அம்மை கண்ட வீட்டுக்கு ஆகாது என்று அம்மா வாங்கிக் கொல்லைப்புறம் எறிந்தாள்.

அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். குனிந்தேன். விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. எதிர்வீட்டில் இருந்தவள் எங்களுக்கு அத்தை முறை. அப்பாவுக்குத் தங்கை முறை என்றாலும் வயது அக்காவைவிடக் கொஞ்சம்தான் கூட. வந்த மூன்றாம் நாள் அக்கா பேச்சுத் துணைக்கு அங்கே போயிருக்கிறாள். அத்தை தண்ணீருக்குப் போயிருந்திருக்கிறாள். அத்தையின் நான்கு வயதுப் பெண், மூலையில் போர்த்திப் படுத்து முனகிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா அதை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். போர்வை விலகின பிறகுதான் முத்து தெரிந்ததாம். குடத்தோடு உள்ளே வந்த அத்தை, குடத்தைப் போட்டுவிட்டு அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாளாம். "ஒன் தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதடி. போலீஸ் நின்னா நாங்க எப்படிப் பொழைக்கிறது?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்டி" என்றாள் அக்கா. "அத்தைய ஒன்னும் பண்ணாத. பாவம், ஜீப்ப அனுப்பாத."

நான் அனுப்பினேன். எதிர்வீட்டுக்கு இல்லை, எங்கள் வீட்டுக்கே. டாக்டரம்மாவும் ஜீப்பும் திரும்பி வந்து தங்கியிருந்த அரியலூர் பயணியர் விடுதிக்கு ஓடி, அவரை ஜீப்போடு கூட்டி வந்தேன். உச்சி வேளை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. டாக்டரம்மா செருப்பை வாசலில் கழற்றினார். அது நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதது. முந்திரிக்காட்டு வீட்டிலிருந்து அவராகவே கற்றுக்கொண்டது. அக்காவின் கையைத் தூக்கினார். வளையல்கள் முழங்கை வரைக்கும் சரிந்தன. காய்ந்து போன வேப்பிலைக் காப்பு மட்டும் மணிக்கட்டில் நின்றது. உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஒரு முத்து இல்லை. உள்ளங்கால். அங்கேயும் இல்லை.

"இல்லை" என்றார் இங்கிலீஷில். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு நோட்டை மூடினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தனை தூரம் பழகிப்போயிருந்தது.

அப்புறம்தான் டாக்டரம்மா அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. பிள்ளைத்தாச்சிக்குச் சின்னம்மை நுரையீரலில் இறங்கினால் ஆபத்து, உடனே திருச்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஜீப் வாசலில் நின்றது.

இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒருத்தனுக்குக் கையெல்லாம் கொப்புளம் என்று காலையில் தந்தி வந்திருக்கிறது. தகவல் வந்த அன்றே பார்த்தாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இந்த ஜீப்பை வேறு நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் உத்தரவு. "நம்ம வேலை அது ஒன்னுக்கு மட்டுந்தாம்மா" என்றார். அவர் அதைக் கல்நெஞ்சோடு சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அங்கே உண்மையிலேயே பெரியம்மையாக இருந்தால்? இரண்டு மணி நேரம். பார்த்துவிட்டு நேராக இங்கே வருகிறேன். உத்தரவு எப்படியும் போகட்டும், நானே திருச்சிக்குக் கொண்டுபோகிறேன்" என்றார்.

முடியாது என்று நான் ஜீப்புக்குக் குறுக்கே படுத்திருக்க வேண்டும். டிரைவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். காய்கறிக்காரரிடம் ஒரு கத்தரிக்காய்க்காகத் தெருவைக் கூட்டுகிறவள் நான். அன்றைக்குத் தலையாட்டினேன். உலகத்திலேயே கடைசி பெரியம்மை அந்த ஊரில் இருக்கலாம், நாம் கோட்டை விட்டுவிடக் கூடாது என்று நானும் நம்பினேன். அம்மாவிடம் நானே சொன்னேன்: "ரெண்டு மணி நேரத்துல வந்துருவாங்கம்மா."

அப்பா வாடகைக் கார் தேடி அரியலூருக்குப் போனார். அம்மை கண்டவளை ஏற்றிக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை. நான் அக்காவின் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தேன். "பலாச்சுள வாங்கியாந்தியாடி?" என்று கேட்டாள். "வாங்கியாந்தேங்க்கா." "தலைக்குத் தண்ணி ஊத்துனப்புறம் திங்கலாம்" என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. வெயில் வாசலை விட்டு இறங்கி எதிர்வீட்டுச் சுவரில் ஏறுகிற நேரம் மூச்சு நின்றது. கொஞ்ச நேரம் வயிறு மட்டும் அசைந்தது. அதன் மேல் அம்மா கையை வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதுவும் நின்றது. அம்மா கையை எடுக்கவே இல்லை.

ஜீப் வந்தது. சொன்னபடி நேராக இங்கேதான் வந்தது. ரோடு மோசம், இரண்டு மணி நேரம் நான்காகிவிட்டது. அந்த ஊர்க்காரனுக்கு இருந்தது சொறிசிரங்கு. டாக்டரம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டு அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் தப்பாக முடிவு செய்துவிட்டேன், உன் அம்மாவிடம் சொல்" என்றார். நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் சொன்னதைக் குறைத்தும் கூட்டியும் மாற்றிச் சொன்ன எனக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்குத் தமிழ் வரவில்லை.

அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். ஒரு பெரிய வேப்பங்கொத்தை ஒடித்துக்கொண்டு வந்தாள். ஜீப், இன்ஸ்பெக்டர், கூட வந்த போலீஸ்காரர், எல்லோரும் பார்க்க எங்கள் வாசல் நிலையில் அதைச் செருகினாள். "இப்ப எழுதிக்கிட்டுப் போங்க" என்றாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை வெளியே வந்தாள். தலைவிரி கோலம். கையில் ஒரு வாடின கொத்து. பாய்க்கு அடியில் இருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் வாசலில் செருகினாள். அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் இந்த வரிசையில் நான்காவது வீடு. அந்த வரிசையில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீடு. அதற்கடுத்தும் ஒன்று. ஒவ்வொருத்தராக வந்து செருகிவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் வீட்டோடு சேர்த்து ஐந்து வாசல்.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். டாக்டரம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அந்த வாரத்து அறிக்கையை நான்தான் நிரப்ப வேண்டும். எங்கள் தெருப் பெயர், எங்கள் கதவு எண், பெரியம்மை உண்டா இல்லையா என்ற கட்டம். "இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன். அந்தக் காகிதத்தில் வேறு எதுவும் எழுத இடமில்லை. அதோடு ஜீப்பில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். சில வருஷம் கழித்து, உலகத்தில் பெரியம்மையே இல்லை என்று அறிவித்தபோது, டாக்டரம்மா தன் நாட்டிலிருந்து எனக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார். நான் பதில் போடவில்லை. கிழித்தும் போடவில்லை.

அப்பாதான் பாவம். அதற்கப்புறம் பத்து வருஷம் இருந்தார். எந்தப் பிள்ளைத்தாச்சி தெருவுக்கு வந்தாலும் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்பார். "அன்னிக்கு நல்லாத்தான் பாத்தேன், ரெண்டு பக்கமும் பாத்தேன், ஒன்னும் இல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவர் சரியாகத்தான் பார்த்தார். வளைகாப்பு அன்றைக்கு அந்த நான்கு வாசலில் ஒன்றிலாவது பச்சை தெரிந்திருந்தால், அவர் வண்டியை அங்கேயே திருப்பி, அக்காவைத் திருமழபாடியிலேயே கொண்டுபோய் விட்டிருப்பார்.